பியூலா சொன்னதும் எங்கள் ஜெபச் சங்கிலி சொன்னதும்

ஏழு வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்ட விஷயம் இது.

ஒவ்வொரு வாரமும் இந்தப் பக்கத்துக்காகப் பேனாவை எடுக்கும்போது இதுதான் முதலில் வந்து நிற்கும். நான் அதைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, வாசல் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைப் பற்றியோ, வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறும் வாரத்தில் என் சமையலறை படும் பாட்டைப் பற்றியோ எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் படித்துவிட்டு, "அக்கா, எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்று கடிதம் போடுவீர்கள். உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

ஏன் எழுதவில்லை? சபைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி... எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற பயம்.

போன சனிக்கிழமை மந்தாரக்குப்பத்தில் பியூலா வீட்டுக்குப் போயிருந்தேன். கீழே டயர் கடை, மாடியில் இவள் வாடகைக்கு இருக்கிறாள். பக்கத்து ஸ்கூலில் எல்கேஜி டீச்சர். காடாம்புலியூரிலிருந்து அவள் அம்மா ஒரு முழுப் பலாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். தரையில் பேப்பர் விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம் — நான், பியூலா, அவளுக்குப் பழைய பக்கத்து வீட்டுக்காரரான செல்வி அக்கா. நாங்கள் சுளை எடுத்துப் போடப் போட, பியூலாவின் மகள் தின்று தீர்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது படிக்கிற பிள்ளை. வயிறு எங்கேதான் இருக்கிறதோ!

திடீரென்று பியூலா கேட்டாள்.

"ஏங்க்கா, ஊருல இருக்கிற எல்லாரு கதையும் எழுதுறீங்க. எங்கதைய மட்டும் ஏன் எழுத மாட்டேன்றீங்க?"

வாய்க்குக் கொண்டுபோன சுளையை மறுபடி பேப்பரிலேயே வைத்தேன்.

"இல்லம்மா... உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

"எனக்கு இன்னாக்கா கஷ்டம்? அடி வாங்குனவ நானு. அத வாங்கிகினு இங்க உக்காந்து பலாப்பழம் துன்னுகினு இருக்கேன். எழுதுறதுக்கு உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்குது."

செல்வி அக்கா சுளையைச் சுற்றியிருந்த சடையைப் பிய்த்து ஓரமாகப் போட்டபடியே சொன்னார், "பேர மட்டும் மாத்திப் போடுங்க. மத்தத அப்படியே எழுதுங்கங்கறேன். எம்புட்டு நாளைக்குத்தான் மடியில கட்டிக்கிட்டுத் திரிவீங்க?"

"பியூலான்னு வைங்க" என்றாள் அவள். "ஏழாவதுல எங்கூடப் படிச்சவ பேரு. எட்மாஸ்டருக்கே பயப்பட மாட்டா. ஆனா ஒண்ணு... எழுதி எங்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பணும்."

சரி என்றேன். இதோ எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஜெபச் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லையே!

எங்களுடையது நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சின்னச் சபை. திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர், இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர்... எல்லாரும் மைன்ஸ் வேலையை நம்பி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை. ஒரே நேரத்தில் எல்லாரையும் கூட்டவும் முடியாது — ஒருவர் முதல் ஷிப்டில் இருப்பார், ஒருவர் நைட் முடித்துத் தூங்குவார். அதனால் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு வழி வைத்திருந்தோம். ஒரு வீட்டில் ஆபத்து என்றால் முதல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். முதல் வீடு இரண்டாம் வீட்டுக்கு போன் செய்யும். இரண்டு மூன்றுக்கு. இப்படிப் பதினோரு வீடு. ஒவ்வொருவரும் அவரவர் அடுப்படியில் நின்றே ஜெபம் பண்ணுவோம். பதினோராம் வீடு மறுபடி முதல் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னால் சுற்று முடிந்தது.

முதல் வீடு நான்.

அந்தச் சங்கிலியை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகன் டெங்குவில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை விழாமல் பிடித்திருந்தது அதுதான். ஆனால் காய்ச்சலை யாரும் மாற்றிச் சொல்வதில்லை, பாருங்கள். டெங்கு என்றால் பதினோராம் வீட்டிலும் டெங்குதான்.

பியூலா அப்போது எங்களுக்குப் பின் வரிசைக் குவார்ட்டர்ஸில் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரர் மைன்ஸில் பெர்மனென்ட். அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் எப்படிப்பட்டவர் என்று சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கோபுரத்தில் ஏறி நட்சத்திரம் கட்டுகிறவர் அவர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நாற்காலி அடுக்க முதல் ஆளாக வந்து நிற்பார். என்னை வாய் நிறைய "அக்கா" என்பார். குடிக்க மாட்டார்.

மனைவியை அடிக்கிறவர் என்றால் நாம் ஒரு முகத்தை மனதில் வரைந்து வைத்திருக்கிறோம் இல்லையா? சிவந்த கண், சாராய நாற்றம், அவிழ்ந்த கைலி. அந்த முகம் அவருக்கு இல்லை. அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் நம்ப முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். எல்லாரும் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். பியூலா மட்டும் உள்ளே டீ டம்ளர் கழுவ நின்றாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னாள்:

"அக்கா, அவரு என்ன அடிக்கிறாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசமா. போன வாரம் கழுத்தப் புடிச்சி செவுத்தோட வச்சி அமுக்குனாரு. பாப்பா பாத்துகினு நின்னுச்சி. பயமா இருக்குதுக்கா. செத்துடுவன்னு பயமா இருக்குது."

நான் என்ன செய்தேன்? குழாயை மூடினேன். தண்ணீர் வீணாகப் போகிறதே என்று. பிறகு அவள் கையைப் பிடித்து, "கவலைப்படாதம்மா, ஜெபத்துல வைக்கிறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

மறுநாள் காலை இரண்டாம் வீட்டுக்கு போன் செய்தேன். "பியூலாவை அவ வீட்டுக்காரர் அடிக்கிறார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. நட்சத்திரம் கட்டுகிற மனுஷனைப் பற்றி அப்படி எப்படிச் சொல்வது? "பியூலா வீட்டுக்காரர் கொஞ்சம் கை நீட்டுறார் போல இருக்கு" என்றேன்.

கொஞ்சம். போல. இரண்டும் நான் போட்டது. கழுத்து? கழுத்தை நான் சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதைப் பல மாதம் கழித்து ஒவ்வொரு வீடாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வீடு, "ஏதோ கோபத்துல கை ஓங்கிட்டாராம்" என்று சொல்லியிருக்கிறார். நாலாம் வீட்டில் அவர் வெறும் கோபக்காரர். ஆறில், புருஷன் பெண்டாட்டி ஒத்துப்போகவில்லை. ஒன்பதில், பியூலா எதிர்த்து எதிர்த்துப் பேசுகிறாள். மத்தியானம் நான் சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது பதினோராம் வீட்டிலிருந்து போன் வந்தது.

"ஸ்தோத்திரம்க்கா! பியூலாவுக்கு நல்ல பொறுமையும் அடங்கின நாக்கும் கொடுங்கப்பான்னு பாரத்தோட ஜெபிச்சிட்டேன்."

நான் அதிர்ந்து போயிருக்க வேண்டாமா? சங்கிலியை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டாமா?

"ஆமென்" என்றேன்.

யாரும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நல்லவர்களாக நடந்துகொண்டோம். அவ்வளவுதான். அந்த நல்ல மனதெல்லாம் சேர்ந்து, அடித்தவரை எடுத்துவிட்டு அடி வாங்கினவளை அந்த இடத்தில் வைத்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறாம் வீட்டுக்காரரும் பியூலாவின் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்ட் பஸ். பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகச் சொல்லியிருக்கிறார்: "தம்பி, வீட்டுல அனுசரிச்சுப் போங்க. உங்களுக்காக எல்லாரும் ஜெபிக்கிறோம்." அவரும் நன்றி சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "யாருகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பியூலா முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தாள். மே மாதம். நெய்வேலி வெயில். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "புது ஜாக்கெட்டா?"

"ஆமாக்கா" என்றாள்.

விஷயம் போதகர் ஐயா காதுக்கும் போனது. ஒன்பதாம் வீட்டுக் கதையாகத்தான் போனது. அவர் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை சொன்னார். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் என்ன பேசுவாள்? அவர் பேசினார். அழுதார். மண்டியிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார் — "என் கோபத்தைக் கர்த்தர் எடுத்துப்போட்டார்" என்று. போதகர் சொல்ல, எல்லாரும் கை தட்டினோம். போதகர் பியூலாவை முன்னால் வந்து அவர் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவள் முதுகில் கை வைத்து மெதுவாக முன்னால் தள்ளியது நான்தான்.

ஒன்பது நாள். ஒன்பதே நாள் தாங்கியது அந்தச் சாட்சி.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி. எனக்கு ஒரு போன். "ஏங்க, உங்க சபைப் புள்ள எங்க வீட்டுல இருக்கு. கொஞ்சம் வர்றீகளா?"

செல்வி அக்கா. பியூலாவுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். மதுரைப் பக்கம். அவர் வீட்டுக்காரரும் மைன்ஸ்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அதுவரை எங்களுக்குள் கறிவேப்பிலை கேட்கிற அளவுக்குத்தான் பழக்கம்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் பியூலாவின் வீட்டுக்காரர் நின்றார். நைட் ஷிப்ட் முடிந்து வந்த யூனிஃபார்ம் இன்னும் மாற்றவில்லை. கதவு திறந்தே இருந்தது. நிலைப்படியில் குறுக்கே செல்வி அக்கா, கையில் தோசைக்கரண்டியோடு. பாதி வேலையில் வந்திருக்கிறார், உள்ளே தோசை கருகும் வாசனை.

"இது எங்க குடும்ப விஷயங்க. நீங்க தலையிடாதீங்க" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

"குடும்ப விஷயம்னா குடும்பத்துக்குள்ளயே வச்சிருக்கணும்யா" என்றார் செல்வி அக்கா. "எங்க வீட்டுப் படி ஏறி வந்துருச்சுல்ல. இனி எங்க வீட்டு விஷயம். எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம்தான். நிக்கிறதுன்னா நில்லுங்க, வெயிலு நல்லா அடிக்குது."

அதற்குள் வரிசையில் நாலைந்து வாசல் திறந்துவிட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சரியாகச் சும்மா இருந்தது அந்த ஒரு தடவைதான். அவர் போய்விட்டார்.

உள்ளே அடுப்படி மூலையில் பியூலா. மடியில் குழந்தை. கழுத்தில் விரல் பதிந்த தடம். இந்தத் தடவை மறைக்க ஜாக்கெட்டுக்கு அவ்வளவு உயரம் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே? "வாங்க, ஜெபம் பண்ணலாம்" என்று கண்ணை மூடினேன்.

"பண்ணுங்க, வேணாங்கல" என்றார் செல்வி அக்கா கேஸை அணைத்துக்கொண்டே. "இந்த வாட்டி மட்டும் கண்ணத் தொறந்துக்கிட்டுப் பண்ணுங்க."

இதுவரை நான் கேட்ட பிரசங்கங்களில் இவ்வளவு சின்னதும் இல்லை, இவ்வளவு சுட்டதும் இல்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர் கழுவியதிலிருந்து. 'கொஞ்சம்', 'போல' இரண்டையும் சேர்த்து. அவர் திருநெல்வேலிக்காரர். அதிகம் பேச மாட்டார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவு. நிலக்கரி போய்க்கொண்டே இருக்குமே, கிலோமீட்டர் கணக்கில் ரப்பர் பெல்ட் — அதைப் பார்த்துக்கொள்கிற வேலை.

"சொல்லுதேன் கேளு" என்றார். "பெல்ட்டு ஓரமா ஒரு கயிறு போகும். புல் கார்டுன்னு பேரு. எவனுக்காவது கையோ சட்டையோ மாட்டிக்கிட்டுன்னா, பக்கத்துல எவன் நிக்கானோ அவன் இழுக்கணும். ஆபீசரா, காண்ட்ராக்ட் ஆளான்னு கெடையாது. இழுத்தா பெல்ட்டு நிக்கும். ஏன் இழுத்தே, எதுக்கு இழுத்தேங்கிறதெல்லாம் நின்ன பொறவுதான். நீங்க என்ன செஞ்சீங்க? கை மாட்டுன பிள்ளகிட்ட போயி, பெல்ட்டு நல்ல பெல்ட்டு, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லியிருக்கீங்க."

நான் அழுதேன்.

"அழுது என்ன செய்ய? செருப்ப மாட்டு. ஐயா வீட்டுக்குப் போவோம்."

அன்று சாயங்காலம் போதகர் வீட்டு முன்னறையில் ஆறு பேர். போதகர், அவர் மனைவி, நாங்கள் இரண்டு பேர், பியூலா, அப்புறம் "நானும் வருவேன்" என்று கிளம்பி வந்த செல்வி அக்கா. சர்ச் காம்பவுண்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. குங்குமத்தை ஒரு தடவை சரி செய்துகொண்டு, செருப்பை எங்கே விடுவது என்று மட்டும் கேட்டார்.

போதகர் முதலில் தயங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? "தேவன் இணைச்ச குடும்பத்தை நாம எப்படிம்மா..." என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்காரர் கயிற்றுக் கதையை மறுபடி சொன்னார். சொல்லிவிட்டு, "பெல்ட்ட அறுக்கச் சொல்லல ஐயா. நிறுத்தச் சொல்லுதேன்" என்றார்.

 போதகர், எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றாத ஒரு காரியம் செய்தார். பியூலா பக்கம் திரும்பி, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

இரண்டு வருடத்தில் அவளிடம் அதை யாருமே கேட்டதில்லை. அவள் யோசிக்கவே இல்லை.

"அவரு இல்லாத வூட்டுல ஒரு வாரம் தூங்கணும் ஐயா."

போதகரின் மனைவி எழுந்து உள்ளே போனார். மாடி அறையில் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் போதகரே கூட வந்தார், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு. "முன்ன நீ பேசுறதுக்கு நான் இடம் கொடுக்கல. இன்னிக்கு நீ பேசு. நான் வெளிய பெஞ்சில இருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் காயத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த ஒரு வாரம் மூன்று மாதமானது. பாய் சுருட்டப்படவில்லை.

சபைக் கமிட்டியில் கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. "போலீஸ் வரைக்கும் போய்ட்டீங்களே ஐயா, சபை பேரு என்ன ஆவுறது?"

"பேரு போனா போகட்டும். பொண்ணு போயிடக் கூடாது" என்றார் போதகர். அதோடு, போன மாதம் அந்தச் சாட்சிக்குக் கை தட்டச் சொன்னது தன் தவறு என்று சபைக்கு முன்னால் நின்று சொன்னார். அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை. ஆனால் பின் பெஞ்சில் இரண்டு பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். எந்த வீட்டுக் கழுத்தெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் இருந்ததோ!

நான் பத்தாவது வரை படித்தவள். இறையியல் எல்லாம் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் பியூலாவை மனதில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் வேறு மாதிரி தெரிகிறது.

அவளிடம் ஒரு பெரியம்மா, "இது உன் சிலுவைம்மா, சுமக்கணும்" என்றார். நானும் தலையாட்டியிருக்கிறேன். நம் ஆண்டவர் சிலுவையைத் தாமாக எடுத்துக்கொண்டார். அடுத்தவள் தோளில் நாம் தூக்கி வைத்துவிட்டு, சுமந்து காட்டு என்று சொல்வதற்கு நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்கிற பகுதியைத் தெரியாத ஆண் எங்கள் சபையில் இல்லை. புருஷன் தன் சொந்த உடம்பைப் போல மனைவியை நேசிக்க வேண்டும் என்று அடுத்தே வருகிறதே, அங்கே எல்லாருக்கும் கண்ணாடி மங்கிவிடுகிறது. தன் கழுத்தைத் தானே பிடித்து அமுக்குகிறவர் யாராவது உண்டா?

மன்னிப்பு? பியூலா மன்னித்துவிட்டாள். என்னிடம் சொன்னாள். எனக்கு அது இன்னும் முடியவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் மன்னிப்பது வேறு, வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது வேறு. அந்தப் புல் கார்டு விஷயத்தில் எங்கள் வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். ஒரு தடவை இழுத்துவிட்டால், கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கிறவர் நினைத்தால் பெல்ட்டை ஓட்ட முடியாதாம். இழுத்த இடத்துக்கே நடந்து போய், பார்த்து, அங்கே சரி செய்தால்தான் ஓடுமாம். நாங்கள் சர்ச்சில் உட்கார்ந்துகொண்டே பெல்ட்டை ஓட்டிவிட்டோம்.

பியூலாவின் வீட்டுக்காரர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். போதகர் தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆத்துமாவையும் விடவில்லை. மாறிவிட்டார் என்று கேள்வி. மாறியிருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மாறிவிட்டாரா என்று கூடவே இருந்து சோதித்துப் பார்க்கிற வேலை மட்டும் பியூலாவுக்கு இல்லை.

எங்கள் ஜெபச் சங்கிலி இன்றும் இருக்கிறது. காய்ச்சல், ஆபரேஷன், பரீட்சை எல்லாம் சுற்றி வருகிறது. இந்த மாதிரி விஷயம் மட்டும் சங்கிலியில் போகாது. சபையில் கேட்பதற்கென்றே இரண்டு பேர் — போதகரின் மனைவியும் நானும். வருகிறவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதி, அவளுக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். அவள் 'சரி' என்று சொல்லாமல் வீட்டுக்காரர் காதுக்கு ஒரு சொல் போகக் கூடாது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைக்கவே கூடாது. இதையெல்லாம் வகுத்துக் கொடுத்தது பெரிய கமிட்டி எதுவும் இல்லை. "எனக்கு எது எது நடந்துருக்கணும்னு சொல்றேன், எழுதிக்குங்க" என்று பியூலா சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

எங்கள் இரண்டு பேர் போன் நம்பரையும், மகளிர் உதவி எண்ணையும் எங்கே ஒட்டுவது என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. நோட்டீஸ் போர்டு? புருஷன் கூடவே நின்று படிப்பார். கடைசியில் பியூலாதான் சொன்னாள், "லேடீஸ் டாய்லெட்டு கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. அங்க மட்டுந்தான் பின்னாடியே வர மாட்டாங்க." ஒரு பெரியவர் முகம் சுளித்தார் — சபைக் காகிதத்தை ஒட்டுகிற இடமா அது என்று. ஒட்டினோம். இந்த ஏழு வருடத்தில் அந்தக் கதவிலிருந்து எனக்கு வந்த போன்கள் எத்தனை என்று சொல்ல மாட்டேன். சின்னச் சபைக்கு அதிகம் என்று மட்டும் சொல்கிறேன்.

அதைத் தவிர வந்த ஒரு போன் எங்கள் சபைப் பெண்ணிடமிருந்தே இல்லை. செல்வி அக்கா நம்பர் கொடுத்த அவர் சொந்தக்காரப் பெண், ஊர் வளையமாதேவிப் பக்கம். "நாங்க சாமி கும்பிடுறவங்க, உங்ககிட்ட வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். செல்வி அக்கா வீட்டுக் கதவை உங்க சாமி எங்களுக்குத் திறந்துவிட்டபோது எங்களை ஒன்றும் கேட்கவில்லையேம்மா, வா என்றேன்.

செவ்வாய்க்கிழமை இதை எழுதி முடித்து, சொன்னபடி மந்தாரக்குப்பத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பியூலா எல்கேஜி நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள். அதே சிவப்புப் பேனாவோடு என் காகிதத்தையும் வாங்கிக்கொண்டாள். படித்தாள். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"'பியூலாவின் மணவாழ்வில் ஏற்பட்ட சில கசப்பான அனுபவங்கள்'... அக்கா! இன்னாக்கா இது?"

"இல்லம்மா, பத்திரிகைல வருதே, கொஞ்சம்..."

"மறுபடியும் 'கொஞ்சமா'?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏழு வருடம்! இத்தனை நோட்டு எழுதி, இத்தனை பேருக்குத் திரும்பப் படித்துக் காட்டியும்... அவள் அந்த வரியைச் சிவப்பில் அடித்தாள். மேலே எல்கேஜி பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில் 'அடித்தார்' என்று எழுதினாள். புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கழுத்து எங்கக்கா? கழுத்த வுட்டுட்டீங்க."

அன்றைக்கு போனில் விட்ட அதே கழுத்து. அங்கேயே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன். கடைசிப் பக்கத்தின் கீழே அவள் ஒரு பெரிய டிக் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்து கொடுத்தாள். "உங்களுக்கு ஸ்டாரு" என்று சிரித்தாள். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, எனக்குக்கூட அம்மா ஸ்டார் போட்டதில்ல" என்றாள்.

இந்தப் பக்கத்துக்காக எனக்கு யார் யாரோ என்னென்னவோ பாராட்டு சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. இதை உங்கள் சபையில், கோயில் வாசலில், தெருக்குழாயில், ஷிப்ட் பஸ்ஸில்... யாருக்காவது சொல்லுங்கள். கேட்கிறவர் மனம் நோகுமே என்று 'கொஞ்சம்' சேர்க்காதீர்கள். மரியாதைக்காக 'போல' போடாதீர்கள். கழுத்தை விட்டுவிடாதீர்கள். பியூலா திருத்திக் கொடுத்தது எப்படி இருக்கிறதோ, அப்படியே.

பதினோராம் வீட்டிலிருந்து ஒருநாள் எனக்குப் போன் வரட்டும் — "அக்கா, அவர் அடித்தாராமே!" என்று.

அன்றைக்குச் சொல்கிறேன், ஆமென்.